உயர்கல்வி உயர்மட்டக் குழுவின் ஒருமனதான முடிவு

உலக வரலாற்றில் எத்தனையோ மாநாடுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஒரு பெண் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பதை, அந்தப் பெண் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரையும் கலந்து பேசி, இத்தனை நேர்மையோடு முடிவு செய்த குடும்பம் கொத்தனார் குடும்பத்தைப் போல இன்னொன்று இருந்ததில்லை. இனி இருக்கப் போவதுமில்லை.

கொத்தனார் இருபத்தாறு வருடமாகச் செங்கல்லோடும் கலவையோடும் மல்லுக்கட்டியவர். நான்காம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனவர். ஐந்தாம் வகுப்புக்கு அவரைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆகவே உயர்கல்வி குறித்துத் தீர்ப்பு வழங்க அவருக்கு இருந்த தகுதியை வீட்டில் யாரும் சந்தேகிக்கவில்லை. அவரும் சந்தேகித்ததே இல்லை.

மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. ஒன்று, ரயிலில் பதினொரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அங்கே நிலத்தடி நீரைப் பற்றிய படிப்பு. இன்னொன்று உள்ளூரிலேயே, பஸ்ஸில் இருபது நிமிடத்தில் இருந்தது. அங்கே அலுவலக மேலாண்மை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். தவறினால் இரண்டும் போய்விடும்.

உடனே உயர்கல்வி உயர்மட்டக் குழு கூட்டப்பட்டது. தலைவர், கொத்தனார். உறுப்பினர்கள் மூவர்: மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் போர்வை துவைக்கும் அவர் மனைவி, மனைவியின் தம்பியான கிரேன் ஓட்டுநர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ‘செக்கிங்’ பிரிவில் பத்தொன்பது வருடம் குறை கண்டுபிடித்தே பதவி உயர்வு பெற்ற கொத்தனாரின் அக்கா. கூட்டக் குறிப்பு எழுத நல்ல கையெழுத்து வேண்டுமே? அது வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. எனவே தன்னைப் பற்றிய தீர்மானங்களைத் தன் கையாலேயே எழுதும் கௌரவம் மகளுக்குக் கிடைத்தது. வாக்குரிமை கிடையாது. எழுதுகிறவருக்கு எங்கேயாவது வாக்குரிமை உண்டா?

முதல் கூட்டம் ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசை இல்லாத காரணத்தால் கட்டிலைச் சுற்றி நடைபெற்றது. மகள் தொண்டையைச் செருமினாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாப்பா?"

"எழுதிக்கிட்டே சொல்லும்மா. குறிப்பு விட்டுப்போயிடக் கூடாது."

"நம்ம பழைய வீட்டுப் பக்கம் போர் போட்டாங்களே, நாலு எடத்துல. நாலுலயும் வெறும் புகைதான் வந்துச்சு. தண்ணி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்னு அந்த மெஷின்காரர்கிட்ட கேட்டேன். 'தெரியாது பாப்பா, தோண்டிப் பாக்க வேண்டியதுதான்'னார். தோண்டாமலே தெரிஞ்சுக்க ஒரு படிப்பு இருக்குப்பா. அதத்தான் அங்க சொல்லித் தராங்க."

உறுப்பினர்கள் அமைதியாகக் கேட்டார்கள். இப்படி ஒரு அமைதி அந்த வீட்டில் அரிது. மகள் நம்பிக்கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நல்லாப் பேசுது பிள்ளை," என்றார் அத்தை. "சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம்."

விஷயம் என்பது கட்டடங்கள். படிப்பைப் பற்றிக் குழுவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பேசக் கூடாது என்ற பண்பாடு அவர்களுக்கு இருந்தது. கட்டடம் தெரியும். எனவே கட்டடத்தைப் பற்றிப் பேசினார்கள். தொலைவிலிருந்த பல்கலைக்கழகத்தின் படங்கள் கிரேன் மாமாவின் கைப்பேசியில் திறக்கப்பட்டன. இருபது மாடி உயரத்திலிருந்து கீழே நிற்பவன் காலணியின் கயிறு அவிழ்ந்திருப்பதைச் சொல்லக்கூடிய கண் அவருடையது. விரல்களால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார்.

"மச்சான், இங்க பாருங்க. சுவர்ல விரிசல்."

கொத்தனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அடப்பாவிங்களா. மேல இருந்து கீழ வரைக்கும்!"

"மாமா, அது கொடி," என்றாள் மகள். "அந்தச் சுவர்ல கொடி படர்ந்திருக்கு."

கொத்தனார் ஒரு நிமிடம் யோசித்தார். பெரிய மனிதர்கள் தவறை ஒப்புக்கொள்ளத் தயங்குவதில்லை. அதையே வேறு காரணமாக மாற்றிக்கொள்வார்கள். "கொடி ஏறுற சுவர்ல ஈரம் நிக்கும். ஈரம் நின்னா கம்பி துருப்பிடிக்கும். இதெல்லாம் ஒரு பல்கலைக்கழகமா?"

அடுத்து அத்தையின் ‘தரப் பரிசோதனை’. தொழிற்சாலையில் சட்டையில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அத்தையின் பையில் ஒரு சுருள் எப்போதும் இருக்கும். இரண்டு பல்கலைக்கழகங்களும் அனுப்பியிருந்த கையேடுகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் தொலைவுப் பல்கலைக்கழகத்தின் கையேடு அம்மை போட்ட உடம்பு மாதிரி ஆகிவிட்டது.

"பதினாலாம் பக்கத்துல ஒரு பையன் நிக்கிறான் பாரு. மேல இருந்து மூணாவது பட்டன் இல்ல. ஒரு பட்டனைக் கவனிக்காத எடம், நம்ம பிள்ளையைக் கவனிக்குமா?"

"அக்கா சொல்றது நியாயம்," என்றார் தலைவர்.

"துணைவேந்தர் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. தூக்கிப் போடு."

"அத்தை, இந்தப் பல்கலைக்கழகத்துக் கையேட்டையும் பாருங்க," என்று மகள் உள்ளூர்க் கையேட்டை நீட்டினாள்.

அத்தை திறந்தார். அதில் ஆட்களே இல்லை. எல்லாப் பக்கங்களிலும் ஒரே கட்டடம்: முன்பக்கம், பின்பக்கம், மாலை வெயிலில். பட்டன் இல்லாத இடத்தில் பட்டன் குறை எப்படி வரும்? ஒரு ஸ்டிக்கர்கூட விழவில்லை.

மனைவி மட்டும் குழுவின் மாண்பைக் குலைத்தார். "எனக்கு இந்தக் காலரு, சுவரெல்லாம் தெரியாதுங்க. அவ என் கண்ணு முன்னாலயே இருக்கணும். அவ்வளவுதான்." காரணமே இல்லாமல் ஒருவர் வாக்களிப்பதைத் தலைவர் கண்டித்தார். வாக்கை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

கிரேன் மாமாவுக்குத் தத்துவம் இருந்தது. "மேல கேபின்ல உக்காந்து இத்தனை வருஷம் பாத்துட்டேன் மச்சான். கீழ ஆயிரம் பேரு என்னென்னமோ தூக்குறான். வெள்ளை ஹெல்மெட் போட்டவன் ஒரே ஒரு ஃபைலத் தூக்கிட்டு நடக்குறான். எல்லாரும் அவனுக்குத்தான் வணக்கம் வைக்கிறான். ஃபைல் தூக்குற படிப்புதான் படிப்பு. தண்ணியாம் தண்ணி. குழாயைத் திறந்தா வரப்போவுது."

"நம்ம வீட்டுக் குழாய்ல மூணு நாளா வரல மாமா."

"அதான் சொல்றேன். அதுல எதிர்காலம் இல்ல."

நான்குக்குப் பூஜ்யம். ஒருமனதாக உள்ளூர்ப் பல்கலைக்கழகம் தேர்வு செய்யப்பட்டது. மகள் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

தலைவரின் வாக்குக்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "கட்டடம் கல்லு மாதிரி இருக்கும், நான் வேலை பாத்த கட்டடம், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லியிருப்பார். அது உண்மை. பதினான்கு மாதம் அந்த முதன்மைக் கட்டடத்தில் அவர் வேலை செய்திருந்தார். வெளி முற்றத்துத் தூண்களில் சிலவற்றுக்குக் கலவை நிறைத்தது அவர் கைதான்.

ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சமாச்சாரம் இருந்தது. திறப்பு விழா முடிந்த அடுத்த வாரம், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அதைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். வாயிற்காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"சும்மா பாக்கத்தான். இது நான் கட்டின கட்டடம்."

"நீங்க கட்டினதா? அப்ப கல்லு தூக்கின பொண்ணு, பெயிண்டு அடிச்ச ஆளு? எல்லாரும் வந்தா நான் எங்க நிக்கிறது? கிளம்புங்க."

கிளம்பினார். ஆறு வருடமாக அந்தச் சாலையில் பஸ் போகும்போதெல்லாம் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மாணவியின் தந்தையாகப் போனால் யார் தடுப்பார்? இந்த எண்ணம் அவர் மனதில் இருந்தது உண்மைதான். ஆனால் தன் முடிவில் தன்னலம் எள்ளளவும் கிடையாது என்று அவர் தனக்குத்தானே சான்றிதழ் எழுதி, தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். அதற்கு நல்ல கையெழுத்து தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் குழு முழுவதும் இணையச் சேவைக் கடைக்குள் நுழைந்தது. ஒரு கணினி, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. கடைக்காரர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

"யாரு அப்ளிகேஷன் போடணும்?"

"நாங்க எல்லாரும்தான்," என்றார் அத்தை.

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விசைகளைத் தட்டினாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல், தொலைவுப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்து அழுத்தினாள். மற்றவர்கள் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று விவாதித்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கொத்தனார் கவனித்தார்.

"அப்பா, உங்க நம்பருக்கு ஆறு எண் வரும். அதச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் செல்லும்."

கொத்தனாரின் சட்டைப் பையில் கைப்பேசி ஒருமுறை துள்ளியது. எடுத்துப் பார்த்தார். ஆறு எண்கள். அதற்குக் கீழே அந்தப் பதினொரு மணி நேரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயர். திருப்பிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வரலையே."

"வரலையா?"

"இங்க டவர் சரியில்ல."

"எங்க கடைல டவர் நல்லா இருக்குங்க," என்றார் கடைக்காரர், புண்பட்டவராக.

மகள் மறுபடி அழுத்தினாள். பை மறுபடி துள்ளியது. சின்ன அறை, ‘டுர்ர்’ என்ற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. மனைவி கணவனின் பையைப் பார்த்தார். கிரேன் மாமா கூரையைப் பார்த்தார். குறை கண்டுபிடிப்பதில் பத்தொன்பது வருட அனுபவம் உள்ள அத்தைக்கு, தம்பியின் பையில் ஒரு குறையும் தென்படவில்லை.

"வரலம்மா," என்றார் கொத்தனார். குரல் ஒரு சுற்று மெலிந்திருந்தது. ஆனாலும் உறுதி குறையவில்லை; தலைமைப் பொறுப்பு என்றால் சும்மாவா?

"மணி நாலு அம்பத்தாறு," என்றார் கடைக்காரர். "அஞ்சுக்கு மூடிருவாங்க. அப்புறம் ரெண்டும் கெடையாது."

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தைய பக்கத்துக்குப் போய், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரை அழுத்தினாள். பை துள்ளியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் கொத்தனார். "ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது, நாலு, ஒண்ணு!"

"பாத்தீங்களா," என்றார் கிரேன் மாமா. "டவரே நம்ம பக்கம் மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ரசீதை அச்சடித்து, வாழ்த்துச் சொல்லி, அதை மகளிடம் கொடுப்பதா தந்தையிடம் கொடுப்பதா என்று தடுமாறி, கடைசியில் மேசைமேல் வைத்துவிட்டார்.

முதல் நாள் வகுப்பு. பெற்றோர் ஒருவர் உடன் வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. கொத்தனார் ஐந்து மணிக்கே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். புதுச் சட்டை, புதுச் செருப்பு. மகள் பழைய சுடிதார்தான் போட்டிருந்தாள். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தலையைத் திருப்பாமல் பார்த்தார். அவள் ஒன்றும் பேசவில்லை. கல்வியின் கனத்தை உணர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

வாயிலில் காவலர் மாறியிருந்தார். "பிள்ளை சேந்திருக்கா? உள்ள போங்க சார்."

சார்! அந்தச் சொல் முதுகுத்தண்டில் ஏறி இறங்கியது. உள்ளே நுழைந்தார்.

முற்றம் மாறிப்போயிருந்தது. தூண்களையெல்லாம் பளபளப்பான கல்லால் மூடியிருந்தார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று. எது தான் நிறைத்தது, எது இன்னொருவன் நிறைத்தது என்று தெரியவில்லை. ஒரு தூணில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அடுத்த தூணுக்கு நகர்ந்தார். அதற்கடுத்தது. மணி அடித்தது, பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

கோப்பும் கையுமாக வந்த ஒரு பேராசிரியர் நின்றார். "யாரைப் பாக்கணும் உங்களுக்கு?"

"தூணை," என்றார் கொத்தனார்.

பேராசிரியர் வேகமாக நடந்துவிட்டார். ஒன்பதாவது தூணில் சத்தம் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. கொத்தனார் உள்ளங்கையை அதில் பதித்து வைத்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் தோளில் பையோடு வாயில் பக்கமே நின்றிருந்தாள்.

"பாத்தாச்சாப்பா?"

"பாத்துட்டேம்மா."

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்கா? மணி அடிச்சாச்சு, நீ வகுப்புக்குப் போகலையா?"

"நான் எதுக்குப்பா?" என்றாள் மகள். "இங்க சேந்தது நீங்கதானே."