கொடி விழும் வரை

தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடிமேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற ரோட்டில், பிறந்த கன்று ஒன்றை எமன் வாயிலிருந்து மீட்டது எங்கள் ஊர் ‘இளங்கன்று நலப் பாதுகாப்புக் குழு’. தலைவர் அடியேன். வாட்ஸ்அப்பில் நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். மாடு வைத்திருப்பவர்கள் நான்கு பேர்.

பட்டம்மாளுக்கு இருப்பது ஒரே பசு. போன வருஷம் அதன் கன்று மூன்றாம் நாளே செத்துப்போனது. இந்த வருஷம் காலை ஆறு மணிக்குப் பசு மறுபடி கன்று போட்டது. செய்தி கேட்டுப் போன் செய்தேன்.

“இதையாவது வுட்டுருங்க மாமா” என்று அழுதாள்.

‘காப்பாத்துங்க’ என்பதைத்தான் பதற்றத்தில் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

உடனே குழுவின் ஒரே விதியைக் கொட்டை எழுத்தில் குரூப்பில் போட்டேன்: ‘கொடி விழும் வரை பால் கிடையாது.’ மாட்டின் நஞ்சுக்கொடி விழுமுன் கன்று பால் குடித்தால் செரிக்காது என்பது நாங்கள் கண்ட விஞ்ஞானம். செயலாளர் பழனிவேல், கன்று மடியில் வாய் வைக்காதபடி அதற்கு மாட்ட வாய்க்கூட்டை எடுத்துக்கொண்டார். ஆறரைக்குத் தொழுவத்தில் அவசரக் கூட்டம்.

வழியில் மறித்தான் செந்தமிழ்செல்வன். ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அவன் வீட்டு வாசலில்தான் கட்சிக் கொடிக்கம்பம்.

“எலெக்‌ஷன் நேரத்துல கொடி விழணும்னு போட்டுருக்கீங்க. கொழுப்பா மாமா?”

“மச்சான், அது மாட்டுக் கொடிய்யா!” என்றார் பழனிவேல்.

“எங்க கொடிய மாட்டுக் கொடிங்கிறியா?”

கூட்டம் கொடிக்கம்பத்தடியிலேயே தொடங்கியது. ‘இதில் கொடி எனப்படுவது எந்தக் கட்சியையும் குறிக்காது’ என்று விளக்கத் தீர்மானம் எழுதி, ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, தொழுவத்துக்குப் போனபோது மணி ஒன்பது. கொடி இன்னும் விழவில்லை. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது!

“கன்னு வாயில என்னம்மா நுரை?” என்றேன்.

“குழு வருதுன்னு சந்தோஷம் மாமா” என்றாள் பட்டம்மாள், முந்தானையில் கை துடைத்தபடி.

‘குழு புறப்பட்ட செய்தியிலேயே கன்று தேறியது’ என்று பதிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்து கால்நடை டாக்டர் இலக்கியா வந்து, கன்றின் வாயையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். “பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிச்சிருக்கு. அதான் இந்தத் தெம்பு. இனி நோய் அண்டாது. யாரு வேலை இது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். பட்டம்மாள் மட்டும் பழனிவேல் கையிலிருந்த வாய்க்கூட்டைப் பார்த்தாள்.

சத்தியம் செய்துவிட்டதால் ஒரு குறையையும் ஒப்புக்கொள்கிறேன். இம்முறை நாங்கள் இரண்டரை மணி நேரம் தாமதம்.

போன வருஷம் சரியான நேரத்துக்குப் போய், வாய்க்கூட்டை என் கையாலேயே கட்டினேன்.