மான் முகம் பார்த்த கார்

இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைவிட நன்றாக ஆக்கிக் கொடுக்க நினைப்பவன் சரியான மடையன். (அனுபவத்தில் சொல்கிறேன்.)

நிலாவெளிக்குப் பெண் பார்க்கப் போக, அக்காவின் கணவரான என் அத்தான் தன் கறுப்புக் காரைத் தந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறுகிற மனிதர் அவர். "போன மாதிரியே வரவேணும், விளங்குதோ?" என்று மட்டும் சொன்னார். கடற்காற்றின் உப்புப் படிந்து கார் மங்கிக் கிடந்தது. மாப்பிள்ளைதான் மங்கல், காராவது மின்னட்டும் என்று கடைக்குப் போனேன்.

அங்கே மூன்று ஸ்பிரே போத்தல்கள். ஒன்று அழுக்கை எடுக்குமாம், ஒன்று வாக்ஸ் பூசுமாம், மூன்றாவது இரண்டையும் செய்யுமாம். ஒன்றும் விளங்காவிட்டாலும், எக்ஸ்ரே பார்க்கும் டொக்டர் போல மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"எது நல்லா மினுங்கும்?"

"மூண்டாவதுதான். கதவில முகம் பாத்துத் தலை சீவலாம்" என்றார் கடைக்காரர். "ஆனா வெயிலுக்க வச்சு அடிக்க ஏலாது தம்பி, திட்டுத் திட்டாப் பிடிச்சிடும். நிழலுக்குக் கொண்டுபோங்கோ."

கிட்டிய நிழல் கோட்டைப் பக்கத்து மரங்கள்தான். அங்கே மான்களும் படுத்திருந்தன. தெருவிலேயே மான் திரிகிற ஊர், திருகோணமலைக்காரனுக்கு மானும் மாடும் ஒன்றுதான். நான் கவனிக்கவே இல்லை. அடித்தேன், துடைத்தேன். மெய்யாகவே கதவில் முகம் தெரிந்தது. பெருமை தாங்காமல் பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒரு கொம்பு மான் கார்க் கதவை முறைத்துக்கொண்டு நின்றது. கதவுக்குள்ளிருந்த மானும் அதை முறைத்தது. நான் கையை ஓங்குவதற்குள் டமார். எதிரியும் விட்டுக்கொடுக்கவில்லை, மறுபடியும் டமார். மூன்றாவது முட்டில் கதவு நெளிந்து எதிரியின் முகம் கோணிப்போக, வென்றுவிட்ட திருப்தியோடு மான் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

அம்மாவை மறுபக்கக் கதவால் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன்.

"கதவுக்கு என்ன நடந்தது தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

மான் முட்டியது என்றால், புத்தி பேதலித்த விசரன் என்று நினைத்துப் பெண் தரமாட்டார்களே. "லொறி ஒண்டு இடிச்சிட்டுது" என்றேன். அவரும் நம்பினார். எல்லாம் நல்லபடி முடிந்து, வழியனுப்ப வாசல் படலை வரை வந்தார்கள். பெண் குனிந்து, கதவுப் பிடியில் சிக்கியிருந்த பழுப்பு மயிர்க் கற்றையை இழுத்தெடுத்தாள்.

"லொறிக்கு ரோமம் முளைக்குமோ?"

அத்தனை பேர் முன்னால் உண்மையைக் கக்கினேன். அவள் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாள் பெண் வீட்டிலிருந்து "ஓம்" என்று சம்மதம் வந்தது. அத்தான் மட்டும் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. கலியாணத்தன்று மாப்பிள்ளையை ஏற்றிவர ஓட்டோ அனுப்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் என்ன காரணம் சொன்னாலும் "லொறியோ, மானோ?" என்பதுதான் முதல் கேள்வி. போன கிழமை மெய்யாகவே ஒரு லொறி றோட்டை மறித்து நின்றதில் பிந்திவிட்டேன். உள்ளதைச் சொன்னேன். பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சோறு கிடைத்தது.