ஜீரோ சார் கேட்ட ஒரு மார்க் கேள்வி

சீனிக்குப் பதிலாகப் போடுகிற மாத்திரையும் சீனி இல்லாத சோடாவும் உடம்புக்கு நல்லதா, கெட்டதா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியாததால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இதனால் ஒரு மனுஷர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து கசப்புக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அதுதான் மனசைப் பிசைகிறது.

அவர் ஜீரோ சார். சொந்தப் பெயர் வேறு இருக்கிறது. ஒத்தக்கடையில் எங்கள் தெருவுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வீடு காட்டமாட்டார்கள். மதுரை ஜில்லாவிலேயே சீனியை இவ்வளவு சந்தோஷமாக எதிர்த்து நின்ற மனுஷர் வேறு ஒருவர் கிடையாது. கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மார்க் போடுவதில் கஞ்சர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். எப்போதும் கையில் இருக்கும் கறுப்பு சோடா டின்னில் போட்டிருக்கும் பூஜ்யத்தால் வந்த பெயர் என்று சிலர். அவரைக் கேட்டால், "ரெண்டும் சரி. ஆளுக்கு அரை மார்க்" என்பார்.

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை டப்பா இருக்கும். தலையில் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு மாத்திரை விழும். காபிக்கு இரண்டு டிக். பாயசத்துக்கு நாலு. கல்யாண வீடுகளில் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், அண்டாவில் சீனி கொட்டுவதற்கு முன்னாலேயே தன் பங்கை ஒரு தம்ளரில் வாங்கிவிடுவார். அந்த நடையையும் சட்டைப் பேனாவையும் பார்த்து, சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்த சமையல்காரர் ஒருவர் எல்லா அண்டா மூடியையும் திறந்து காட்டினாராம்.

நாளாக ஆகப் பழக்கம் முற்றிவிட்டது. ஒரு கைக்குத் தம்ளர் வந்தால் இன்னொரு கை தானாகப் பைக்குப் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தலில் மோருக்கு டிக். பந்தியில் ரசத்துக்கு டிக். டீக்கடையில் பக்கத்தில் நின்ற ஒருவர், வேட்டியை இறுக்கிக் கட்டுகிற நேரத்துக்கு, "கொஞ்சம் பிடிங்க சார்" என்று தன் தம்ளரை நீட்டினார். திரும்ப வாங்கிக் குடித்தவர் டீ மாஸ்டரைத் திட்டிவிட்டுப் போனார்.

என் மாமியாருக்குச் சார் மேல் மரியாதை உண்டு, மாத்திரை மேல் சந்தேகம். அத்தை உசிலம்பட்டிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகியதைத் தானும் தொடமாட்டார். அவருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காகச் சார் ஒருநாள் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இரண்டு இடத்தில் காபி ஊற்றினார். ஒன்று சீனிக் காபி, இன்னொன்று டிக் காபி. மூன்று பேரும் நின்று பார்த்தோம். சீனிக் காபியைச் சுற்றி எறும்புகள் திருவிழாக் கூட்டமாக வந்து சேர்ந்தன. டிக் காபி அநாதையாகக் காய்ந்தது.

"பாத்தீங்களா? இதுல பொட்டுச் சீனி கெடையாதுன்னு எறும்பே சாட்சி சொல்லுது" என்றார் சார்.

"எறும்பே சீண்ட மாட்டேங்குது. அதப் போயி மனுசன் குடிக்கலாமா சார்?" என்றார் அத்தை.

இருவரும் ஜெயித்த முகத்தோடு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். எறும்பு யார் கட்சி என்று புரியாமல் நான் மட்டும் வெகுநேரம் சுவரடியில் நின்றேன்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. வளைகாப்பன்று என் முன்னால் வைத்த சர்க்கரைப் பொங்கலை என்னைத் தவிர எல்லாரும் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் சார் ஒரு பிளாஸ்க்கோடு வந்தார்.

"ரெண்டு டிக் போட்டிருக்கேன் அம்மாடி. ஆனா டாக்டர்ட்ட கேட்டுட்டுக் குடி. கேக்காமக் குடிச்சா விடிய விடிய யோசிச்சுக்கிட்டுக் கெடப்ப."

என்னை அவருக்கு அவ்வளவு தெரியும். டாக்டர், நான் சாரிடம் வாங்கிப்போன டப்பாவில் எந்த வகை மாத்திரை என்று பார்த்துவிட்டு, அளவோடு போட்டுக்கொள்ளலாம் என்றார். அத்தோடு விட்டேனா? டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். போனில் தேடினேன். ஒரு பக்கம் பயப்படாதே என்றது. அடுத்த பக்கம் பயப்படு என்றது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி, 'இது விஷம்' என்று ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வாய் குடித்துவிட்டு வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். பாப்பா உதைத்தால், பிடிக்கவில்லையோ என்று பயம். உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். இத்தனை பயத்தோடும் சார் கொண்டுவரும் அந்தக் காபியைத் தினமும் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அந்த மாதங்களில் எனக்கு வாய்த்த இனிப்பு அது ஒன்றுதான்.

பாப்பா பிறந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது தேர்தல் மாதிரி நடக்கும். அத்தைக்குத் தன் அண்ணன் வைக்கவேண்டும் என்று ஆசை. ஆனால் அவர், பந்தியில் தனக்கு அப்பளம் வரவில்லை என்று சம்பந்தி வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டவர். யோசித்து யோசித்துக் கடைசியில் அத்தையே சொன்னார்: "கோவமே வராத மனுசன் நம்ம தெருவுல ஒருத்தருதான். வேதக்காரரா இருந்தா என்ன, அவரையே வைக்கச் சொல்லுவோம்."

தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். அத்தையிடம் அதைச் சொல்லத்தான் தெம்பில்லை. அத்தை சீனித்தண்ணீர்த் தம்ளரைச் சாரிடம் கொடுத்துவிட்டு, நர்ஸ் வருகிறாரா என்று கதவருகே காவலுக்குப் போனார். சார் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

விரலை நனைத்துப் பாப்பா நாக்கில் வைத்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருக்கிறது. பாப்பா சப்புக்கொட்டினாள். அத்தை திரும்பினார்.

"என்ன சார் சத்தம்?"

"கை தானாப் போயிருச்சும்மா" என்றார் சார். கரும்பலகையில் தான் போட்ட கணக்கே தப்பு என்று பிள்ளைகள் காட்டிக்கொடுத்த மாதிரி நின்றார்.

அதன்பிறகு வெகுநாள் அவர் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. பாப்பாவுக்குச் சளி பிடித்தாலும் வயிறு பொருமினாலும் அத்தை, "எல்லாம் அந்த டிக்கு" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் குழந்தை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் மாத்திரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பிறந்த பிள்ளைக்கு எதற்குச் சீனித்தண்ணீர் கொடுத்தீர்கள் என்றுதான் காய்ச்சி எடுத்தார். அந்தத் திட்டை ஸ்வீட் டப்பா மாதிரி ஏந்திக்கொண்டு நேராக எதிரே இருந்த சார் வீட்டுக்குப் போனேன்.

"அப்ப தப்பு சீனியோடதா?" என்று கேட்டார் சார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். இனிமேல் இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்று ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டும் போனார்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. சேனை பலித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கோபமே வருவதில்லை. பிஸ்கட் கொடுத்தால் முதலில் ஒரு துண்டைச் சுவரில் வைத்து, எறும்பு வந்த பிறகுதான் மீதியைத் தின்கிறாள். பால் தம்ளரைக் கையில் கொடுத்தால், கவுனில் இல்லாத பையைத் தொட்டுவிட்டு வாயாலேயே "டிக்" என்கிறாள். சாரின் சோடா டின்னுக்கு ஒருதரம் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "இது சீனி வியாதிக்காரனுக்கு விதிச்சது. ஒனக்கு என்னடி வந்துச்சு? தண்ணியக் குடி" என்றார். அந்த விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

போன வருஷம் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மனைவி இல்லாத வீடு. மகள் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே யாரோ மகளின் போனுக்கு ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். இந்த இனிப்பு வகைகளில் ஒன்றால் புற்றுநோய் வரக்கூடும் என்று மேலே போட்டிருந்தது. வழக்கமாகச் சாப்பிடுகிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று கீழே போட்டிருந்தது. மகள் மேல்வரியோடு நிறுத்திக்கொண்டார். அதே செய்தி எனக்கும் வந்தது, நான் கீழ்வரி வரைக்கும் படித்தேன். படித்துவிட்டு மறுபடியும் மேல்வரிக்குப் போனேன். கோயம்புத்தூர் வீட்டில் டின்னும் போயிற்று, டப்பாவும் போயிற்று.

போன மாதம் சார் கூப்பிட்டார்.

"அம்மாடி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எம்மக பக்கத்துல இருக்கா. நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னாக் கேக்குறேங்கறா. சோடாவ விட்டுட்டேன். காபிக்கு மட்டும் ரெண்டு டிக். நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தை."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? அளவோடு இருந்தால் ஆபத்தில்லை என்கிறார்கள், உங்கள் வியாதிக்குச் சீனியைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று முழுசாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறார்கள், அதிலும் வயதானவர்களுக்கு, எதற்கும் அங்கே ஒரு டாக்டரிடம் ஒரு வார்த்தை...

"அம்மாடி, நான் கேட்டது ஒரு மார்க் கேள்வி. நீ கட்டுரை எழுதுற."

"பாத்தீங்களாப்பா, அவங்களுக்கே தெரியல" என்றது மகளின் குரல்.

பிறகு சார், "சரி விடு. கசப்பும் பழகிரும்" என்றார். பாப்பா இப்போதும் எறும்பு பார்க்கிறாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பயப்படுவது அப்பாவுக்காக. நான் பயந்தது வயிற்றுப் பிள்ளைக்காக. பிள்ளை சுமந்தவளுக்கு டாக்டர் ஒரு பதில் சொன்னார். நாலு வயதுப் பிள்ளைக்குச் சாரே ஒரு பதில் சொன்னார். மிச்சமிருக்கிற இனிப்பே இரண்டு டிக்தான் என்கிற வயதில் இருக்கிற ஒருவருக்கும் ஒரு பதில் இருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் கட்டுரை எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு மகளோடு வருகிறார். ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் அவர் கடைசியாக மாற்றிக் கொடுத்த டப்பா எங்கள் சமையலறையில் காபித்தூளுக்குப் பின்னால், பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தூசி தட்டும்போது குலுக்கிப் பார்க்கிறேன். இன்னும் சத்தம் வருகிறது. காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டேன், தாங்கும்.

இதைப் படிப்பவர்களில் டாக்டர்கள் இருப்பீர்கள். சர்க்கரை வியாதிக்கார அப்பாவை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் போராடுகிற மகள்களும் இருப்பீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு கை தம்ளரை வாங்கும். இன்னொரு கை தானாகப் பைக்குப் போகும். அங்கே பேனா மட்டும்தான் இருக்கும். அப்போது நான் என்ன செய்யட்டும்?