ரகுநாதன் உருகிய பாட்டு

மானுட நாகரிகம் குகையில் தொடங்கி, ராஸ் அல் கைமாவின் ஒரு கல்குவாரி கம்பெனியில் உச்சம் தொட்டது என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. பாறையில் துளைபோடும் தொழிலாளியை ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதம் கேட்கவைத்த கம்பெனி உலகில் வேறு எது?

பெருமை முழுக்க மனிதவள மேலாளர் ரகுநாதனுக்கே. 'ஊழியர் ஆனந்தக் குழு'வின் தலைவரும் அவரே, உறுப்பினர்களும் அவரே. துபாய்க் கச்சேரிக்குக் கம்பெனி வாங்கிய நாற்பது டிக்கெட்டை ஆபீஸ்காரர்கள் சீண்டவில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் கேம்ப்புக்கு பஸ் போய், நாற்பது பேரை 'சொந்த விருப்பத்தின் பேரில்' ஏற்றிவந்தது.

அவர்களில் அம்மையப்பன் ஒருவன்தான் நிஜமாகவே விருப்பத்தோடு வந்தவன். வருகிற வெள்ளிக்கிழமை அரியலூரில் அவனுக்குக் கல்யாணம். லீவ் கிடைக்காமல் முகூர்த்தம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவதாக மணப்பெண் வடிவின் அப்பா சொல்லிவிட்டார். வடிவு போனில் அழுதாள். லீவ் விண்ணப்பமோ ரகுநாதனின் மேஜையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கச்சேரி அரங்கில் எப்படியோ முண்டியடித்து அவர் பக்கத்து சீட்டைப் பிடித்துவிட்டான்.

"சார், அந்த லீவு விஷயமா..."

"உஷ்! நான் தட்டினப்புறம்தான் கை தட்டணும், தெரியுமா? இது சினிமாப் பாட்டு இல்ல. ஒரே ஒரு குரல், பின்னாடி முழு வாத்தியக் கோஷ்டி. இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு இதை எழுதி."

"என்ன சார் பாடுறாங்க?"

"இளவரசி ஒருத்தி. அவளுக்காக ஒருத்தன் காத்துட்டு இருக்கான். ராஜா அனுப்ப மாட்டேங்கறான். 'என்னைப் போகவிடு'ன்னு கெஞ்சறா."

மேடையில் பாடகி கெஞ்சினாள். முதலில் மெதுவாகக் கெஞ்சினாள். ராஜா மசியவில்லை போலிருக்கிறது, பிறகு வேகவேகமாகக் கெஞ்சினாள். பிடில்கள் கெஞ்சின, குழல்கள் கெஞ்சின. அதே வரி பத்துத் தடவையாவது வந்திருக்கும். ரகுநாதனின் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. கைக்குட்டை முழுக்க நனைந்துபோக, அம்மையப்பன் தன் துண்டைக் கொடுத்தான்.

"என்ன கல்நெஞ்சு பாரு அந்த ராஜாவுக்கு!" என்று விசும்பினார். "'போயிட்டு வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும் அவனுக்கு?"

அம்மையப்பன் அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது.

"அதத்தான் சார் நானும் கேக்குறேன். வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாணம். நாலு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

ரகுநாதன் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "கல்யாணம் உனக்கா? அடப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா! காலைல முதல் வேலை உன் ஃபார்ம்ல கையெழுத்துதான்."

பாட்டு முடிந்தது. ரகுநாதன் தட்டினார், நாற்பது பேரும் தட்டினார்கள். அம்மையப்பன் கை சிவக்கத் தட்டினான். பஸ்ஸில் ஏறியதும் வடிவுக்குப் போன் போட்டு, "வர்றேன் புள்ள" என்றான்.

மறுநாள் காலை ஆபீஸில் ரகுநாதனின் நாற்காலி காலியாக இருந்தது. செயலாளர் உமாராணி தலை நிமிர்ந்தார்.

"சாரா? நேத்துப் பாட்டைக் கேட்டு ரொம்ப உருகிட்டாராம். வீட்டு ஞாபகம் தாங்காம காலை பிளைட்ல சென்னை போயிட்டார். பத்து நாள் லீவு."

"அப்ப என் ஃபாரம், மேடம்?"

"அவர் வந்துதான் கையெழுத்துப் போடணும்."

"அவரு லீவுக்கு யாரு போட்டாங்க?"

"அவரேதான். ஒரு நிமிஷம்கூட ஆகல."