போனுக்குள்ளே மூணு வாரியல்

மூணு வாரம் முன்னால ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு சோலிதான். மத்தியானம் மூன்றரை மணிக்கு என் போனில் ஒரு வீடியோ கால் வரும். அதை எடுத்து ரோசம்மா கையில் கொடுக்கணும். முடிஞ்சது.

ரோசம்மா என் பெண்டாட்டி. எங்க மக ஜாஸ்மின் அயர்லாந்தில் நர்ஸ். நாலு மாசம் முன்னால அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அங்க உள்ள சபையில் ஞானஸ்நானம்.

"விசா கிட்டல்ல, போக முடியல்ல. அது போட்டு. பிள்ளைக்க தலையில தண்ணி ஊத்துறத நான் போன்லயாவது பாக்கணும். அத மட்டும் கெடுத்திராதீங்க."

ஒரு மாசமா ரோசம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் எதுக்கு மக்கா கெடுக்கேன்? கெடுத்தது போன்.

எதைத் திறந்தாலும் படக்கென்று மூடிக்கிடும். மழை வருமா என்று பார்க்கத் திறந்தால் மேகத்தைக் காட்டும். மழை உண்டா இல்லையா என்று சொல்லும் முன்னால் மூடிக்கிடும். ரயில் எங்கே வருது என்று பார்த்தால், ரயில் நெய்யாற்றின்கரையை விடும், பாறசாலை வந்து சேரும் முன்னால் ரயிலும் இல்லை, ஆப்பும் இல்லை.

வீடியோ கால் அதைவிட மோசம். ஜாஸ்மின் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். நெற்றி தெரியும். புருவம் தெரியும். அடுத்தது மூக்கு வரப்போகுது என்கிறப்போ, படக்! நாலு மாசத்தில் ரோசம்மா போட்டோவில் அல்லாமல், பேத்திக்க மூக்கை நேராப் பார்த்ததே கிடையாது. சத்தியமாட்டு.

இதுக்கெல்லாம் பயப்படுற ஆள் இல்லை நான். முப்பத்தஞ்சு வருஷம் பஸ் மெக்கானிக்காக்கும். ஒரு தடவை ஏற்றத்தில் நின்றுபோன பஸ்ஸுக்கிட்ட போய், எஞ்சினுக்க காதுல ரெண்டு கெட்ட வார்த்தை சொன்னேன். பஸ்ஸு வெட்கப்பட்டு, தானே கிளம்பி, தானே ஏற்றம் ஏறிப் போய்விட்டது. டிரைவர் ஆட்டோ பிடித்துத்தான் அதை எட்டினார். நம்பாதவங்க நம்பாண்டாம்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின புதன்கிழமை போனைத் தொட்டுப் பார்த்தேன். சூடு! எஞ்சின் சூடானால் தண்ணீர் ஊற்றணும். போனுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிற புத்தி எனக்கும் உண்டு. ஆகையால் பிரிட்ஜுக்குள்ளே வைத்தேன்.

எங்கே வைத்தேன் என்று பார்க்கல்ல. அதுதான் தப்பு.

ஒரு மணி நேரம் கழித்து ரோசம்மா சாளை மீன் எடுக்கப் போனவள், மீன் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் ஓய், மீனுக்கு ஆரு போன் பண்ணுகா?"

துடைத்தேன். பவுடர் போட்டேன். வாசம் போகல்ல. மறுநாள் பால் வாங்க இறங்கினால் பின்னால் மூணு பூனை. வளைவு தாண்டினால் ஏழு. எங்க ஊர் கொல்லயில் பஞ்சாயத்து. அதில் உள்ள பூனை முழுக்க என்னைத் தலைவராத் தேர்ந்தெடுத்த மாதிரி ஒரு ஊர்வலம்!

போன் குளிர்ந்துதான் இருந்தது. மூடிக்கொள்வதை மட்டும் நிறுத்தல்ல.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். என் போனுக்குள் ஏற்கனவே ஒரு வைத்தியர் உண்டு. குழந்தை பிறந்து போட்டோவா வந்து குவிந்த சமயம், போன் கொஞ்சம் மெதுவா ஓடியது. அதைப் பார்த்த ரோசம்மாவுக்க தம்பி தங்கையன், போனைப் பிடுங்கி ஒரு ஆப் ஏற்றித் தந்தான். வீடு தூத்துப் பெருக்குற வாரியல் படம் போட்ட ஆப். வெளியூரில் விளக்குமாறு என்பாங்க.

"அத்தான், இது உள்ள கெடக்க குப்பையெல்லாம் தூத்து வாரி வெளிய போட்டிரும். ஒண்ணும் பாக்காண்டாம்."

அன்றிலிருந்து வாரம் ரெண்டு தடவை வருவான். வந்ததும் கேட்பான், "எனக்க ஆப்பு கெடக்கா?"

வியாழக்கிழமை ரிட்டயர்டு வாத்தியார் வில்சன் சார் வந்தார். போன் மூடிக்கொள்கிற கதையைச் சொன்னேன்.

"வாரியல் போட்டா போதுமா ஓய்? வேகம் வேணும், வேகம்!" என்று ஒரு ராக்கெட் படம் போட்ட ஆப்பை ஏற்றினார். இப்போது நெற்றி தெரிந்த உடனே மூட ஆரம்பித்தது. புருவமும் போச்சு.

வெள்ளிக்கிழமை எங்க வார்டு மெம்பர் லில்லிபாய் வந்தது. "அண்ணா, இது வைரஸாக்கும். எனக்க போன்ல உள்ளதத் தாறேன்" என்று கேடயம் படம் போட்ட ஆப்பை ஏற்றிவிட்டுப் போனது. அதுக்கப்புறம் ஜாஸ்மின் கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுத்தால் குழந்தை கிடையாது, நெற்றி கிடையாது, ஜாஸ்மினே கிடையாது.

ரோசம்மா சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மட்டும் உடுத்துகிற பட்டு. போனில் பார்க்கிறதுக்கு!

அதைப் பார்த்ததும் எனக்கு வெப்ராளம் பிடித்து, இருப்புக் கொள்ளல்ல. சனிக்கிழமை காலையில் பாறசாலைக்குப் பஸ் ஏறினேன். சந்தைக்குப் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஷிபு ஐம்பது வயசு ஆள், கை நிதானமான ஆள். போனை வாங்கினான். மூக்கைச் சுருக்கினான்.

"மாமா, இது எந்தக் கம்பெனி மீனு?"

"எலே, சோலியப் பாரு."

பார்த்தான். தலையில் கை வைத்தான்.

"மாமா, தூத்து வாருற ஆப்பு மூணு கெடக்குல்லா! ஒரு வீட்டுல மூணு பேரு வாரியலும் கையுமா நிண்ணா என்ன ஆவும்? குப்பை தீந்துபோனா, உக்காந்திருக்கவனையும் சேத்துத் தூத்துவினும். நீங்க வீடியோ கால் தொறந்த ஒடனே மூணும் ஓடி வந்து, இது ஆருலே புதுசா எண்ணு கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுகு. அவ்வளவுதான். மூணையும் எடுத்துக் களையட்டா?"

"எடுக்கக்கூடாது."

"ஏன்?"

"பிணங்குவினும்."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்திருப்பான். ஷிபு சிரிக்கவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுகேன். எங்க பக்கம் பிணக்கம் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜாஸ்மின் கல்யாணப் பந்தியில் தங்கையனுக்கு ரெண்டாவது தடவை பாயாசம் விளம்ப மறந்துபோனோம். ரெண்டு வருஷம் பேசல்ல! வழியில் என்னைக் கண்டால் குடையைச் சரித்து முகத்தை மறைப்பான். குடை இல்லாத நாளில் வாழை இலை. ஒருத்தர் அன்பாத் தந்ததை வேண்டாம் என்று எடுத்துக் களைந்தால், அதோட நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் படி ஏற மாட்டார்கள்.

"ஆரெல்லாம் போட்டது?" என்று ஷிபு கேட்டான்.

"ஒண்ணு அளியன் தங்கையன். ஒண்ணு வில்சன் சாரு. ஒண்ணு மெம்பறு."

"மெம்பறுமா! அய்யோ, எனக்க கடைக்க லைசென்சு புதுக்கணும் மாமா. நான் தொட்டேன் எண்ணு சொல்லிராதீங்க."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், சவத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஷிபுவுக்க முகத்தில் ஒரு கள்ளச்சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. கள்ளன்களுக்குப் பேச்சு வேண்டாமே!

ஆப் மூணையும் எடுத்துக் களைந்தான். படம் மூணையும் அப்படியே இருந்த இடத்தில் ஒட்டி வைத்தான். வாரியலைத் தொட்டால் டார்ச் எரியும். ராக்கெட்டைத் தொட்டால் கணக்குப் போடுகிற கால்குலேட்டர் வரும். கேடயத்தைத் தொட்டால் செல்பி எடுக்கிற கேமரா. உள்ளே ஒருத்தரும் கிடையாது, வெளியே பெயர்ப்பலகை மட்டும்!

கடையிலிருந்தே ஷிபுவுக்க போனுக்கு வீடியோ கால் போட்டோம். அவன் எதிரில் நிற்கிறான், போனிலும் நிற்கிறான். அரை மணி நேரம். மூடல்ல! "லேய், மூக்கு தெரியுகுலே!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தையில் மீன் விலை ஒரு நிமிஷம் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மூணு மணிக்கே மூணு பேரும் வந்துவிட்டார்கள். ஞானஸ்நானம் அல்லவா, வராமல் இருந்தால் அவர்களோடு அவர்களே பிணங்கிக்கொள்வார்கள். ரோசம்மா பட்டு உடுத்து, தலை வாரி, முன் அறையில் போனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். போனை ஒரு தம்ளரில் சாய்த்து வைத்திருந்தேன்.

"அத்தான், கால் வாறதுக்கு முன்ன ஒருக்கா தூத்து விட்டிரலாம்" என்று தங்கையன் போனுக்குப் பின்னால் நின்று எட்டி வாரியலை அமுத்தினான்.

பளீரென்று டார்ச் எரிந்தது. நேரே அவன் கண்ணில்.

"இதென்ன அத்தான், லைட்டு எரியுகு?"

"புது வெர்சனாக்கும்" என்றேன். "மூலையில கெடக்க குப்பை கண்ணுக்குத் தெரியாண்டாமா?"

தங்கையனுக்கு நெஞ்சு விரிந்தது. "பாத்தியளா சாரே? எனக்க ஆப்பு லைட்டு வச்சுத் தூத்துகு!"

வில்சன் சார் விடுவாரா? ராக்கெட்டை அமுத்தினார். கால்குலேட்டர் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பூஜ்யம் காட்டுகே?"

"உள்ள பாக்கி குப்பை எத்தனை எண்ணு எண்ணிச் சொல்லுகு சாரே. பூஜ்யமாக்கும்."

"பின்னே! ராக்கெட்டு எண்ணா சும்மாவா?"

லில்லிபாய் கேடயத்தை அமுத்தியது. அதன் முகமே போன் முழுக்க வந்து நின்றது.

"அண்ணா, இதுல நான்லா தெரியுகேன்!"

"காவலுக்கு நிக்கது ஆரு எண்ணு காட்டுகு மெம்பறே."

லில்லிபாய் முடியை ஒதுக்கிக்கொண்டது. நான் சிரிப்பை அடக்க, வாயில் ஏத்தங்காய் சிப்ஸைத் திணித்துக்கொண்டேன்.

மூன்றரை. மணி அடித்தது. எடுத்தேன்.

சபை தெரிந்தது. ஜாஸ்மின் தெரிந்தாள். மருமகன் கோட் போட்டு நின்றான். வெள்ளைச் சட்டையில் குழந்தை. நெற்றி, புருவம், மூக்கு! ரோசம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஜெபம் முடிந்தது. போதகர் குழந்தையைக் கையில் வாங்கினார். தண்ணீரில் கையை விட்டார். கை மேலே வந்தது.

படக்!

சபை மறைந்து, போனில் வாரியலும் ராக்கெட்டும் கேடயமும் மட்டும் நின்றன.

தங்கையன் வாரியலை அமுத்தினான். போனுக்குப் பின்னால் டார்ச் எரிந்தது. அது எரியாமல் இருந்திருக்கலாம்.

ரோசம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு முப்பத்தஞ்சு வருஷ பென்ஷனும் நின்றுபோன மாதிரி இருந்தது. "நான் ஒண்ணும் செய்யல்ல" என்றேன். வாழ்க்கையில் உண்மை சொன்ன ஒரு சில தடவைகளில் அதுவும் ஒன்று. யாரும் நம்பல்ல.

நாலு நிமிஷம் கழித்து ஜாஸ்மின் திரும்பக் கூப்பிட்டாள். கையில் குழந்தை. தலை சொட்டச் சொட்ட, வாயைப் பிளந்து அழுகை.

"அம்மா, எனக்க போனாக்கும் மூடிப்போச்சு! நான் தொடவே இல்ல!"

ரோசம்மா மெதுவாகக் கேட்டாள். "மக்களே, ஒனக்க போன்ல வல்லதும் ஆப்பு புதுசா வச்சியா?"

ஜாஸ்மின் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"தங்கையன் மாமன் போன மாசம் ஒண்ணு அனுப்பிச்சாரு. வாரியல் படம். வேண்டாம் எண்ணு எப்பிடிம்மா சொல்லட்டு? மாமன் பிணங்குவாருல்லா?"

கடல் தாண்டிப் போயும் அவள் எங்க ஊர்க்காரிதான்!

ரோசம்மா போனைப் பக்கத்தில் இழுத்து, குழந்தையின் ஈரத்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊத்துனத பாக்கல்ல. நனைஞ்சத பாத்தேன். போட்டு, பிள்ளையத் துடை, சளி புடிக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். எழுந்தாள்.

"எலே தங்கையா! இனி எனக்க வீட்டுல உள்ள ஒரு போனைத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

"அக்கா, அது எனக்க ஆப்பு செய்ததில்ல. இஞ்ச பாரு, அத்தானுக்க போன்ல லைட்டு போட்டு எப்பிடி நல்லாத் தூத்துகு..."

"லைட்டுதான்லே அது! டார்ச்சு லைட்டு! நேத்து கரண்டு போனப்ப நான் வாரியல அமுத்தித்தான் தீப்பெட்டி தேடினேன். சாரே, ஒங்க ராக்கெட்டுல நான் பால் கணக்குப் போட்டேன். லில்லி, ஒனக்கது வெறும் கண்ணாடி. எல்லாத்தையும் இவரு நேத்தே எடுத்துக் களைஞ்சாச்சு!"

மூணு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் சிப்ஸ். விழுங்கவும் முடியல்ல, துப்பவும் முடியல்ல.

வில்சன் சார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். லில்லிபாய் செருப்பைத் தேடியது. தங்கையன் குடையை எடுத்தான்.

மூணு வாரம் ஆச்சு. ஒருத்தரும் எங்க வீட்டுப் படி ஏறல்ல. போன் ஒரு தடவைகூட படக்கென்று மூடல்ல மக்கா.