என் துக்கச் சாப்பாட்டை யார் சாப்பிடுவது?

அன்புள்ள ஒர்சோலா அக்காவுக்கு, தம்பி எர்மினியோ எழுதுவது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் நீ அதை நம்பி, கறுப்பு உடையை மடித்து வைக்கக் கோருகிறேன்.

பாதிரியார் தோன் கதால்தோ முந்தாநாள் உனக்குப் போன் பண்ணி, நான் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிவிட்டாராம். நானே பேசியிருப்பேன், செத்தவன் குரலைக் கேட்டு உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியும் எனக்குத்தானே வரும். உன் மகள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை பாடியதைக் கேட்டு நான் சிரித்ததற்கே, "இனி உன் சாவுக்குத்தான் உன் வாசப்படி மிதிப்பேன்" என்று மிலானுக்கு ரயிலேறியவள் நீ. ஒன்பது வருஷமாச்சு. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வீணாகக் கிளம்பாதே.

ரோமிலிருந்து சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கதை என்னவென்றால், நம் ஊரில் செத்தவர்களெல்லாம் கல்லறையிலிருந்து எழுந்து நேரே நகராட்சிக்குப் போய் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறார்கள், குமாஸ்தா உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கிறான், இதுக்குப் பயப்படணுமா சிரிக்கணுமா என்று டைரக்டருக்கே தெரியவில்லை, என்னைப் பிணமாக நடிக்கக் கூப்பிட்டார்கள், மேக்கப் போடுகிற பெண் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டாள், சரி போகட்டும், என் படம் போட்டுச் சாவுப் போஸ்டர் அடிக்க நம்ம அச்சகத்து நுன்சியோகிட்ட கொடுத்தார்கள், கதையில் எனக்கு வேறே பேரு, அந்த மனுஷனோ, "இல்லாதவன் பேர்ல சாவுப் போஸ்டர் அடிக்க மாட்டேன், நாப்பது வருஷத் தொழில் இது" என்று என் சொந்தப் பேரையே போட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு அடக்கம் என்றும் சேர்த்து, வழக்கம்போல ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியும் விட்டான்.

அப்புறம் கேட்பானேன். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று தெருவே சமைத்துக்கொண்டு வந்துவிட்டது. கதவைத் திறந்தது நான்தான். எதிர்வீட்டு தியோமீரா பதறவில்லை, சட்டியால் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் சாகலை, தியோமீராக்கா."

"அது உன் சௌகரியம். நாங்க சமைச்சாச்சு."

"அப்ப ஒரு வாய் சாப்பிடறேனே."

"கையை எடு. இது செத்தவனோட சொந்தக்காரங்களுக்கு. செத்தவன் தொடலாமா?"

"எனக்கு யாரு இருக்கா?"

"ஒரு அக்கா இருக்கால்ல? அவ வந்து மூடியைத் திறக்கட்டும்."

ஏழு சட்டி, அக்கா. கத்தரிக்காயே மூணு விதம். தினமும் புதுசு வருது, பழசை, சட்டிக்குக் காவல் உட்கார்ந்திருக்கும் தெருப் பொம்பளைங்களே தின்னுடறாங்க. எனக்குக் காபியும் காய்ஞ்ச ரொட்டியும்தான்.

ஆனாலும் நீ வர வேண்டாம். செய்தி கேட்டு ரொம்ப நேரம் அழுதாயாம், பாதிரியார் சொன்னார். அது எனக்குப் போதும். போதாது, ஆனால் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் மகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் ஆசி. பாடகருக்கு என் மரியாதை. புனித ரோக்கோ உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விடும் தம்பி,
எர்மினியோ

பி.கு.: போஸ்டரையெல்லாம் கிழிக்க நுன்சியோ கிளம்பினான். ரயிலடிக்கு எதிரே இருப்பதை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். இறங்கியதும் அதைப் படித்துக்கொள், நீ சொன்ன சொல் தவறியதாக ஒருத்தரும் பேச முடியாது. சனிக்கிழமை காலை கோட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருப்பேன். நீ வாசலில் நின்று திட்ட ஆரம்பித்ததும் எழுந்துவிடுவேன். வா அக்கா, பசிக்கிறது.