பிரிக்க முடியாத கூடு

ஷியே யாவ்-டிங்குக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு நாற்காலி. தைபேயில் அவன் வேலை பார்த்த லேப்டாப் கம்பெனியின் ஏழாவது மாடியில், ஜன்னல் ஓரமாக அது இருந்தது. அதில் உட்கார்ந்தால் அவன் உறுதிப் பிரிவின் தலைவர் ஷியே. வீட்டு நாற்காலிகளில் வெறும் யாவ்-டிங். 'ஷியே யாவ்-டிங்!' என்று முழுப்பெயரும் சேர்ந்து வந்தால், எதையோ துடைக்க மறந்துவிட்டான் என்று அர்த்தம்.

அந்த நாற்காலிக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் பான் பெய்-ஷான். அதே கம்பெனியில், அதே மாடியில், எதிர் மூலையில் அழகுப் பிரிவின் தலைவி. அவனுடைய மனைவி.

கம்பெனி புதிதாக ஒரு லேப்டாப் கொண்டுவர இருந்தது. அதன் வெளிக்கூட்டைக் கல்லில் போட்டாலும் உடையக் கூடாது என்பது யாவ்-டிங் கட்சி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வரக் கூடாது என்பது பெய்-ஷான் கட்சி. மாதக்கணக்கில் இரண்டு கட்சியும் ஆபீஸில் "தலைவர் ஷியே", "தலைவி பான்" என்று மரியாதையோடும், வீட்டில் அது இல்லாமலும் சண்டை போட்டன. கடைசியில் பெரிய மேனேஜர் ஜுவாங் பொறுமை இழந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில ஆளுக்கொரு கூடு கொண்டு வாங்க. ஜெயிக்கறவங்க கையில ரெண்டு பிரிவும். தோத்தவங்க அவங்க கீழ வேலை பாருங்க. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, தெரியுமில்ல?"

வீட்டிலும் அவள், ஆபீஸிலும் அவள்! தோற்றால் ஜன்னல் ஓர நாற்காலியில் அவள் உட்காருவாள். தான் அவள் முன்னால் நிற்க வேண்டும். நிற்பது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இரண்டு பிரிவிலுமாகப் பதினெட்டுப் பேர் பார்க்க நின்றதில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பன்றி விலா சூப் குடித்தார்கள். மேஜையின் ஒரு ஓரத்தில் அவனுடைய கூடு, கறுப்பாக, கனமாக. மறு ஓரத்தில் அவளுடைய கூடு, வெள்ளித்தகடு மாதிரி, ஒரு வெள்ளைத் துணிப்பையில்.

"உன் கூட்டுக்குள்ள எத்தனை விலா எலும்பு வச்சிருக்கே?" என்றாள் பெய்-ஷான். உள்ளே பலத்துக்காக ஓடும் பட்டைகளுக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர்.

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"அது லேப்டாப்பா, பன்னியா? முள்ளங்கி போட்டுக் கொதிக்க வச்சா சூப்பே இறங்கும் போல."

"உன்னது மட்டும் என்னவாம்? இறால் அப்பளம். பையில போட்டு மெட்ரோவுல ஏறினா, இறங்கறப்ப பொடியா கொட்டிக்கலாம்."

"உன்னதைத் தூக்கறவனுக்குத் தோள் இறங்கிடும்."

"தோள் இறங்கினாலும் கூடு உடையாது!"

"ஆள் உடைஞ்சுடுவானே, அதுக்கு உன்கிட்ட விலா எலும்பு இருக்கா?"

அவன் எலும்பைக் கடித்தான். இதே மேஜையில், போன மாதம், ஒரே ஒருநாள் அவள் அவனுடைய வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்டிருந்தாள். "பட்டையெல்லாம் நேரா ஓடாம ஏன் சாய்வா ஓடுது?" என்று. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளையெல்லாம் மேஜையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, எந்தக் கோணம், எந்த இடைவெளி, மூலையில் ஏன் நெருக்கம் என்று பாடமே நடத்தினான். "அடேங்கப்பா!" என்றாள் அவள். கல்யாணமான நாள் முதல் அவன் வாங்கிய முதல் அடேங்கப்பா. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் விசிலடித்துக்கொண்டே திரிந்தான். இன்று பன்னி என்கிறாள்!

சாப்பிட்டதும் அவள் குளிக்கப் போனாள். தண்ணீர் சத்தம் கேட்டது. கூடவே தெருக்கோடியிலிருந்து குப்பை வண்டியின் பியானோ பாட்டும் கேட்டது. அந்தப் பாட்டு கேட்டால் தைபேயில் அமைச்சரே ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு குப்பையோடு ஓட வேண்டும். வண்டி யாருக்காகவும் நிற்காது.

"யாவ்-டிங்! வண்டி வந்துருச்சு! மேஜை மேல இருக்கற வெள்ளைப் பையை எடுத்துட்டு ஓடு!" குளியலறையிலிருந்து குரல் வந்தது.

மேஜை மேல் இரண்டு வெள்ளைப் பைகள் இருந்தன. ஒன்றில் காலி தகர டப்பாக்கள். இன்னொன்றில் அவளுடைய கூடு.

"எந்தப் பை?" என்று கேட்க வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டான்.

நாளைக் காலையில் அவள் கை வெறுங்கையாக இருந்தால்? பழி யார் மேல்? 'நீதானே எடுத்துட்டு ஓடுன்னே? எடுத்தேன், ஓடினேன். எந்தப் பைன்னு சொன்னியா?' இதைவிட உத்தமமான புருஷன் ஊரில் உண்டா? டப்பாப் பையைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினான். கூட்டுப் பையை எடுத்துக்கொண்டு நாலு மாடியையும் பறந்தே இறங்கினான்.

தெருவில் அக்கம்பக்கம் மொத்தமும் பையும் கையுமாக நின்றது. மஞ்சள் வண்டிக்குப் பின்னால் மறுசுழற்சி வண்டி ஊர்ந்து வந்தது. யாவ்-டிங் கூட்டை உருவி, உலோகக் கூடையை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஷியே தம்பி! நில்லு!"

மூன்றாம் மாடி கோ அம்மா. அந்தக் கட்டிடத்தின் குப்பைக்கு அவள்தான் சர்வாதிகாரி.

"என்னது அது பளபளன்னு?"

"பழைய தகரம், கோ அக்கா."

"கொடு பார்ப்போம்." வாங்கித் திருப்பினாள். விளிம்பில் தட்டினாள். "மேல உலோகம், உள்ளே பிளாஸ்டிக். இதை எந்தக் கூடையில போடுவே?"

"எதுலயாவது..."

"எதுலயாவதா! போன மாசம் அபராதம் கட்டினது மறந்துபோச்சா? பிரிச்சுப் போடு!"

வண்டிக்காரர் கையை விரித்தார். வண்டி நகர்ந்தது. யாவ்-டிங் கூட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். அப்பளம்தானே, ஒரு நொடியில் பிரிந்துவிடும் என்று விளிம்பில் நகத்தை விட்டான். நகம் பிரிந்தது. வீட்டுச் சாவியை விட்டு நெம்பினான். சாவி வளைந்தது. நடைபாதை விளிம்பில் ஓங்கி அடித்தான். ணங்கென்று சத்தம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. பாட்டு அடுத்த சந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே போட்டு இரண்டு காலாலும் ஏறிக் குதித்தான். ஒரு செருப்பு அறுந்தது.

"ஓரத்துல நின்னு அடிக்காதே தம்பி," என்றாள் கோ அம்மா, போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி. வழக்கம்போல மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறாள் என்று அவன் நினைத்தான். "விளக்குக் கம்பத்துக்கிட்ட வா. வெளிச்சத்துல அடி. ம்... இப்ப அந்த மூலையில அடி."

அடித்தான். எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அடித்தான். இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? பயத்துக்கு நடுவிலும் அவனுக்குள் இருந்த எஞ்சினியர் வாயைப் பிளந்தான். பாட்டு தேய்ந்து மறைந்தது. வண்டி போய்விட்டது.

மாடியேறி, கூட்டைச் சட்டையால் துடைத்து, பழையபடி பையில் போட்டு மேஜையில் வைத்தான். மூலையில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். தலையைத் துவட்டிக்கொண்டே பெய்-ஷான் வந்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எல்லாம் பிரிச்சுத்தானே போட்டே?"

"பிரிச்சு... பிரிச்சுத்தான்."

"ஒரு செருப்பு எங்கே?"

"ஓட்டத்துல அறுந்துருச்சு."

"பாவம்," என்றாள் அவள். அந்தப் பாவத்தில் ஏதோ சிரிப்பு ஒளிந்திருந்தது போல அவனுக்குப் பட்டது. ஆனாலும் பிடிபடவில்லை என்ற நிம்மதியில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை, ஏழாவது மாடி. பதினெட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள்.

"முதல்ல என்னது," என்றான் யாவ்-டிங். கறுப்புக் கூட்டுக்குள் லேப்டாப் எடைக்கு ஒரு இரும்புக் கட்டியை வைத்து மூடினான். மேஜை உயரத்திலிருந்து கையை விட்டான். தன் கனத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு அது ஒரு மூலையில் போய் இறங்கியது. டமாரென்று ஒரு சத்தம். மூலை பிளந்து, மேல்மூடி ஒரு பக்கமும் அடிமூடி மறுபக்கமும் ஓடின.

பெரிய மேனேஜர் ஜுவாங் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கனம் கூடினா விழற அடியும் கூடும்," என்றாள் பெய்-ஷான் மெதுவாக. "என்னதை நான் மேஜையிலேருந்தெல்லாம் போடப் போறதில்லைங்க. நம்ம கம்பெனியிலேயே ரொம்பக் கண்டிப்பான ஒருத்தர்கிட்ட நேத்தே சோதனைக்குக் கொடுத்துட்டேன். நான்தான் எடுத்துட்டு ஓடச் சொன்னேன்."

சுவரில் படம் ஓடத் தொடங்கியது. விளக்குக் கம்ப வெளிச்சத்தில், ஒற்றைச் செருப்போடு, உறுதிப் பிரிவின் தலைவர் ஷியே வெள்ளிக் கூட்டின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார். 'இப்ப அந்த மூலையில அடி' என்ற கோ அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

யாவ்-டிங் வாயைத் திறந்தான். அது சோதனை இல்லை என்று சொன்னால், பிறகு வேறு என்ன என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

"பிரமாதம்!" என்றார் ஜுவாங். "இவ்வளவு மெல்லிசா இருந்தும் எப்படி இந்தப் பலம்?"

பெய்-ஷான் ஒரு சின்னத் திருகாணியைக் கழற்றிக் கூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே, தகட்டோடு தகடாக, சாய்வான பட்டைகள் ஓடின. எந்தக் கோணம், எந்த இடைவெளி, மூலையில் நெருக்கம். அவனுடைய சாப்பாட்டுக் குச்சிகள்! அவனுடைய விலா எலும்பு கூடு விட்டுக் கூடு பாய்ந்து அவளிடம் போயிருந்தது.

"தலைவர் ஷியேதான் சொல்லிக்கொடுத்தார்," என்றாள். "அன்னிக்கே அடேங்கப்பான்னேன்."

ஜுவாங் யாவ்-டிங்கின் தோளில் தட்டினார். "புருஷன் பெண்டாட்டின்னா இப்படி ஒத்துழைக்கணும்யா! தலைவி பான், இனிமே ரெண்டு பிரிவும் உங்களுது."

பெய்-ஷான் நிதானமாக நடந்து போய் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருமுறை சுழன்று பார்த்தாள். பிறகு, பதினெட்டுப் பேர் பார்க்க, அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்டிராத முழுப்பெயரில் கூப்பிட்டாள்.

"ஷியே யாவ்-டிங்! அந்தக் கறுப்புக் கூட்டை எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடு. பிரிச்சுப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்."

அவன் குனிந்து பொறுக்கினான். அது ஏற்கெனவே பிரிந்து கிடந்ததால், பிரிக்கிற வேலை மட்டும் மிச்சம்.